அரைப்புள்ளி

மாரத்தஹள்ளி பி.ஜி.யில் பதினொன்றரைக்கு
விளக்கை அணைத்துவிட வேண்டும்.
லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
அதனால் தாளில்தான் ஓட்டுகிறேன்,
போன் வெளிச்சத்தில்,
கரண்ட் பில்லின் பின்புறம்.

ஐ என்றால் தமிழில் ஐந்து.
இங்கே அது பூஜ்யம்.
பத்தைவிடச் சிறியதா? ஆம்.
உள்ளே போ. அச்சிடு.
மேலே ஏறு. ஒன்று கூட்டு.
மறுபடி கேள்.

நேற்று ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் நேர்காணலில்
இதைத்தான் கேட்டார்:
ஐ ப்ளஸ் ப்ளஸ் எப்போது நடக்கும்?
மூன்றாவதாக எழுதியிருக்கிறதே,
மூன்றாவதாகத்தான் நடக்கும் என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
அந்த 'டிக்'
500டி பஸ்ஸில் என்னோடு நின்றுகொண்டே வந்தது.

எழுதிய இடம் வேறு, முறை வேறு.
தலைவரியில் உட்கார்ந்திருந்தாலும்
கீழே உடல் ஓடி முடித்த பிறகுதான்
அதற்கு அழைப்பு.
தொடக்கத்துக்கு ஒரே ஒரு தடவை.
அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

கீழ்க்கட்டிலில் ஜெசிந்தா புரள்கிறாள்.
"என்னடி எண்ணிக்கிட்டிருக்க?"
"ஏழு."
"ஏழு என்ன?"
"தெரியல. இன்னும் ஓடுது."

டூ-வைல் மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது.
ஓனர் நாகராஜப்பா முதலில் அட்வான்ஸை எண்ணி
சட்டைப் பையில் வைத்தார்.
பிறகு கேட்டார், வேலை இருக்கா என்று.

மாலையில் எழுதிய நிரல்தான் உறுத்துகிறது.
பூஜ்யம் முதல் ஒன்பதுவரை
பத்து வரிகள் வரவேண்டும்.
வந்தது ஒரே எண்: 10.
பிழை என்று எதுவும் சொல்லவில்லை.
சிவப்புக் கோடு இல்லை.
இரண்டு மணிநேரம் தேடினேன்.
ஃபார் வரியின் கடைசியில்,
அடைப்புக்குறியை ஒட்டி,
கொசு உட்கார்ந்ததுபோல்
ஓர் அரைப்புள்ளி.

பத்து முறை சுற்றியிருக்கிறது.
ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கேட்டு
ஒழுங்காகக் கூட்டி
செய்வதற்கு ஒன்றுமில்லாமல்.
உடல் வெளியே நின்றிருக்கிறது,
எல்லாம் முடிந்தபின் ஒரே தடவை பேச.

ஜூனிலிருந்து போய்வந்த வாக்-இன்களை
எண்ணத் தொடங்கி
நான்கில் நிறுத்திக்கொண்டேன்.

அரைப்புள்ளியைப் பேனாவால் அழுத்தி அடித்தேன்.
தாள் கிழிந்தது.
ஓட்டை வழியே
மறுபக்கத்துக் கட்டணத்தில் ஒரு சுழியம் தெரிந்தது.

சரி, அதையே வைத்துக்கொள்வோம்.
ஐ பூஜ்யம்.
பத்தைவிடச் சிறியதா?

கீழிருந்து
தூக்கத்தில் ஜெசிந்தா:
"எட்டா?"