நாற்பத்தோராவது சொல்

துப்பறியும் கதை எழுதுவோர்க்கு ஒரு கையேடு.
வெள்ளிக்கிழமைக்குள் ஏதென்ஸ் போய்ச் சேரவேண்டும்.
கவாலாவில் மழை. துறைமுகத்தில்
தாசோஸ் தீவுக்குப் போகும் கப்பல்
விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது.

வாசகனைத் தப்பான பக்கம் இழுத்துப்போகும் தடயத்துக்கு
ஆங்கிலேயன் வைத்த பெயர் சிவந்த மீன்.
புகைபோட்டுச் சிவந்தது. அந்த வாடையில்
வேட்டைநாய்க்கு மோப்பம் தவறிவிடுமாம்.
எந்த நாய், எந்தக் காடு என்று கேட்டால் பதில் இல்லை.

பொலிக்ஸேனி முதலில் நேராகவே எழுதிப் பார்த்தாள்:
கோக்கினி ரெங்கா.
நம் காதுக்கு யாரோ காவிரிக்கரையில் நின்று
கடவுளைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.
அவளுக்கு அது மீன், கிலோ பன்னிரண்டு யூரோ.
பதிப்பாசிரியர் அகிசிலாவோஸ் ஓரத்தில் குறித்திருந்தார்:
கொலை விழுந்த வீட்டில் மீன் எதற்கு?

அடுத்தது பராப்லானிசி. வழிதவற வைத்தல்.
அதன் அடிவயிற்றில்
வானில் அலையும் கோள்களின் வேர் கிடக்கிறது.
கத்தியில் ஒரு பொய்க் கைரேகை பதிக்க
வியாழனையும் சனியையும் ஏன் எழுப்பவேண்டும்?

பிறகு அந்த நீளமானது,
அபோப்ரோசானதொலிஸ்மோஸ்.
எட்டு அசை. பிரித்துப் பார்த்தால்
கிழக்கிலிருந்து முகத்தைத் திருப்பிவிடுவது.
அழகுதான்.
சொல்லி முடிப்பதற்குள் கொலைகாரன்
தாசோஸில் இறங்கிக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

தொலைபேசி மேசைமேல் துடிக்கிறது.
மெல்போ, டிராமாவிலிருந்து. ஊர்ப் பெயரே அதுதான்,
அங்கே யாரும் அதற்குச் சிரிப்பதில்லை.
மூன்று நாளாக ஒரே செய்தி:
உனக்கு முன்னமே தெரியும்தானே அக்கா?
ஒரு சொல் போதும்.

கவிழ்த்து வைத்தாள்.
தோலோமா என்று எழுதினாள், தூண்டில் இரை.
உடனே அடித்தாள். இரை தின்றவன்தான் மாட்டுவான்,
இங்கே மாட்டுகிறவன் வெறும் வயிற்றோடல்லவா போகிறான்.

வெறும் வயிறு.
மத்தியானம் த்ராசிவூலோஸ் கடையில் வாங்கிய
ஒற்றை ரெங்கா நினைவுக்கு வந்தது.
தோல் உரியவேண்டுமானால்
காகிதத்தில் சுற்றிக் கொளுத்தவேண்டும்.
வீட்டில் செய்தித்தாள் இல்லை.
கோளும் கிழக்கும் தூண்டிலும் அடிபட்டுக் கிடக்கும்
தாள் இருந்தது. சுற்றினாள்.
பால்கனிக் கதவைத் திறந்து, தீக்குச்சி கிழித்தாள்.

கடற்காற்று உள்ளே பாய்ந்து
அத்தனையையும் முகத்தில் வீசிற்று.
ஸ்தாக்தி ஸ்தா மாத்யா!
கண்ணில் சாம்பல்.
நாம் மண்ணைத் தூவும் இடத்தில்
அவர்கள் தூவுவது சாம்பல்.
மீன்காரியும் சொல்வாள், வக்கீலும் சொல்வார்.
முழுக்கச் சரியில்லை, ஆனால் உயிர் இருக்கிறது.
இடது கண்ணைப் பொத்திக்கொண்டே தட்டச்சு செய்தாள்.

எலுமிச்சை பிழிந்தாள். வெங்காயம் நறுக்கினாள்.
கண் எதனால் கலங்கியது என்று
இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

பாதி மீனில் தொலைபேசியை நிமிர்த்தினாள்.
'நே' என்றால் அந்த மொழியில் ஆம்.
மூன்றே எழுத்து.
கட்டைவிரலில் மீனெண்ணெய்,
கண்ணாடி அவள் விரலை ஏற்கவில்லை.
பாவாடையில் துடைத்து மறுபடி தொட்டாள்.

டிராமாவில், மெல்போவின் திரையில்
மூன்று புள்ளிகள் எழுந்தன,
கொஞ்ச நேரம் மூச்சுவிட்டன, அணைந்தன.

மழை விட்டிருந்தது. கப்பலைக் காணோம்.
நாற்பத்திரண்டாவது சொல் என்ன என்று
பொலிக்ஸேனி தாளைப் புரட்டினாள்.