இன்றைக்கு எத்தனை

என் வேலை கேள்வி கேட்பது.
ஒரே கேள்வி.
வலியே இல்லையென்றால் பூஜ்ஜியம்,
தாங்கவே முடியாதென்றால் பத்து.
இன்றைக்கு எத்தனை?
மாண்டரினில் கேட்க ஒருத்தி, மலாயில் ஒருவர்,
தமிழுக்கு நான்.

அவுட்ரமில் ஒன்பதாம் மாடி.
நரம்பின் பக்கத்தில் மெல்லிய குழாயை
மூன்று நாள் விட்டுவைத்தால்
துண்டிக்கப்பட்ட உறுப்பின் வலி
ஆளைத் தேடிக்கொண்டு வராமல் இருக்குமா என்று
டாக்டர் கோ கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.
குழாயில் பாதிப் பேருக்கு மருந்து,
பாதிப் பேருக்கு உப்புநீர்.
மாத்திரை எல்லாருக்கும் உண்டு.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
அவர்களுக்கும் தெரியாது.
ஒட்டிய உறைக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டாம் எண், இருளப்பன்.
துவாஸில் கப்பல் பட்டறை.
இடது மோதிர விரலும் சுண்டு விரலும்
இரும்புத் தகட்டுக்கு அடியில் போயின.
முதல் நாள் ஏழு என்றார்.
எப்படிப்பட்ட வலி?
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
எரிச்சல், குத்தல், மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோல்.
நான்கையும் மாறிமாறிப் பார்த்தார்.
"கடுகடுன்னு இருக்கு. அப்புறம் விண்ணு விண்ணுனு தெறிக்குது.
அப்புறம் சும்மா இருக்கு மேடம். அதுதான் மோசம்."
'மற்றவை' என்ற கோட்டில்
இரண்டு அங்குலம்தான் இடம்.

ஏழாம் நாள் பூஜ்ஜியம்.
முப்பதாம் நாளும்.
சந்தோஷமாகத்தான் எழுதினேன்.

அன்று ராத்திரி ஒரு மணிக்குக் கைபேசி.
டார்மிட்டரி மாடிப்படியிலிருந்து தணிந்த குரல்:
"இல்லாத விரலு மடங்கிக்கிட்டு
நகம் உள்ளங்கையில எறங்குது மேடம்.
விரிக்கலாம்னா விரல் எங்க இருக்கு?
மழைக்கு முன்னாடி உசுரே போகுது.
இத எழுதாதீங்க.
வலின்னு எழுதுனா எம்சி நீளும்,
எம்சி நீண்டா டிக்கெட் போட்டுருவாங்க."

முதலாளிக்கு எதுவும் போகாது,
ஒப்புதல் படிவம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது என்றேன்.
"நாலாம் பக்கம் தெரியும் மேடம்.
கையெழுத்துப் போட்டவன் நான்தானே.
அதுக்கு ஒரு கை முழுசா இருந்துச்சு."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

யாரோ படியேறும் சத்தம்.
அது தேயும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு,
ஒரு கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே நிறுத்துங்கள்,
வலது கையை அதன் முன்னால் மெதுவாக விரியுங்கள்,
இடது கை முழுதாய் விரிவதுபோல் தெரியும்,
சிலசமயம் மூளை நம்பிவிடும் என்றேன்.
ஆராய்ச்சி விதிப்படி
நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

தொண்ணூறாம் நாள் அழைத்தபோது
பின்னால் சுத்தியல் சத்தம்.
வேலைக்குத் திரும்பிவிட்டார்.
இன்றைக்கு எத்தனை?
"பூஜ்ஜியம் மேடம்."
கைபேசியை அவர் வைக்கவில்லை.
நானும்.
"மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே
கார் கூரைகள் கண்ணைக் கூசவைக்கும் வெயில்.
பூஜ்ஜியத்தைச் சுழித்து
தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
சாப்பிடக் கிளம்பும்போது
குடையை எடுத்துக்கொண்டேன்.