கதைத்தோர்

மூன்றாம் பாடவேளை. விஞ்ஞான சேர் லீவு.
எட்டு பி-யை நிலக்சனின் கையில் விட்டுவிட்டு
பக்கத்து வகுப்பில் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.
"கதைக்கிறவையின்ரை பேரைப் பலகையிலை எழுது"
என்பதுதான் நான் கொடுத்த ஆயுதம்.
பிரம்பு அலுமாரிக்கு மேலே,
போன வருசச் சுற்றுநிருபத்துக்குக் கீழே
தூசி பிடித்துக் கிடக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் சந்தை எழும்பியது.
வாழைக்குலை ஏலம் போகும் சுன்னாகச் சந்தை.
ரோட்டில் பாண் ஓட்டோ
தன் ஒரே பாட்டோடு போக,
முப்பத்தொரு வாய் அதைத் திருப்பி வாசித்தது.
பிறகு
என்ன நடந்ததோ, அடங்கியது.
சத்தத்தைவிட அடக்கம்தான் எனக்குப் பயம்.

போய்ப் பார்த்தேன்.
பலகையின் தலைப்பில், அடிக்கோட்டோடு: கதைத்தோர்.
கீழே ஒரேயொரு பெயர்.
நிலக்சன்.

"பகிடியோ?"
"இல்லை மிஸ்."
"அப்ப விளக்கக் கடிதம் எழுது."

கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து
ஊசி கழற்றாமல் எழுதித் தந்தான்:
"மற்றவையும் கதைச்சவை. நான் கதையாதேங்கோ கதையாதேங்கோ எண்டு
இருபது தரத்துக்கு மேலை கதைச்சனான்.
களைச்சுப்போய் விட்டிட்டன்.
நான் விட, அவையும் விட்டிட்டினம்.
அப்ப ஆர் கதைச்சது எண்டு பார்த்தன்."

அவ்வளவுதான். கையொப்பம்கூட வைத்திருந்தான்.

ஒழுக்காற்றுப் பதிவேட்டுக்குச் சிவப்பு மட்டை.
திகதி, பெயர், குற்றம், எடுத்த நடவடிக்கை.
இந்தத் தவணையில் இதுவரை:
சப்பாத்துக்குப் பதில் செருப்பு,
தலைமயிரில் மின்னல்போலக் கோடு வெட்டியமை,
கன்ரீன் ரோல்ஸைத் தண்ணீர்ப் பைப்புக்குள் அடைத்தமை.
எல்லாவற்றுக்கும் என்னிடம் சொல் இருந்தது.
'குற்றம்' என்ற கட்டத்தில் மூன்று தரம் பேனை வைத்து
மூன்று தரம் எடுத்தேன்.
மூன்று நீலப் பொட்டு.

ஆசிரியர் அறையில் சொன்னேன்.
விளையாட்டுக்கு வரும் ஞானப்பிரகாசம் சேர்
தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தார்.
"ரீச்சர், சத்தம் போடாதை எண்டு நீர் போடுற சத்தம்
சண்டிலிப்பாய்ச் சந்தி மட்டும் கேக்கும்,
தெரியுமோ?"

தெரியாது.
இருபத்திரண்டு வருசம் ஒருவரும் சொல்லவில்லை.
காலைக் கூட்டத்தில் மைக் விசிலடிக்க விசிலடிக்க
பதினான்கு விதிகளையும் நான்தான் வாசிக்கிறேன்.
ஏழாவது: உரத்துப் பேசுதல் ஆகாது.
அதில் மட்டும் என் குரல் கொஞ்சம் கூடும்.

நிலக்சனின் வரியை எழுதாமல்
பதிவேட்டை மூடினேன்.
அதிபர் கேட்டால் என்ன சொல்வது என்று
சைக்கிள் முழுக்க யோசித்தேன்,
மழை தூறியதும் மறந்துபோனேன்.

அடுத்த நாள் முதலாம் பாடவேளை.
பலகையை யாரும் அழிக்கவில்லை.
நிலக்சனுக்குக் கீழே பெயர்கள் முளைத்திருந்தன.
அக்சயன். துவாரகி. ஜெனோசன்.
பல கைகள்; ஒன்று சரிந்து, ஒன்று குண்டாய்,
ஒன்று எப்போதும் ணகரத்துக்குச் சுழி குறைப்பவளுடையது.
அது யாரென்று எனக்குத் தெரியும்,
சொல்லமாட்டேன்.
இடாப்பு வரிசையில் இல்லை, ஆனால்
எண்ணிப் பார்த்தேன், ஒருவரும் தப்பவில்லை.
நேற்று வராத பெடியனும் தன்னைச் சேர்த்திருந்தான்.

கடைசியில், பலகைச் சட்டத்தில் முட்டிக்கொண்டு,
இடம் போதாமல் சிறுத்து:
கார்தியாயினி மிஸ்.

முப்பத்தொரு பேரும் மேசையைப் பார்த்தார்கள்.
மின்விசிறி இல்லாத வகுப்பில்
ஒரு கொப்பித் தாள்கூட ஆடவில்லை.
நிலக்சனின் காது மட்டும் சிவந்திருந்தது.

யார் இதைச் செய்தது என்று
தொண்டைவரை வந்தது.
வந்த வழியே போனது.

வெண்கட்டி எடுத்தேன்.
'ர்'-க்கும் 'தி'-க்கும் இடையில்
விட்டுப்போன 'த்'-ஐ நெருக்கி எழுதினேன்.
புள்ளியையும் வைத்தேன்.
பிறகுதான் டஸ்ரரைத் தேடினேன்,

மெல்ல,
பின்வாங்கில் இருக்கிறவனுக்குக் கேட்காத குரலில்,
"பின்னம். பக்கம் நாற்பத்தாறு" என்றேன்.
"என்ன மிஸ்? கேக்கேல்லை" என்றான் அவன்.