ஏழு எழுத்துக் குடும்பம்

இளமையில் எனக்கு வாய்த்தது
கல்லில் எழுத்து மட்டும்.
கல்வி வந்தது நாற்பத்தாறு வயதில்,
பொர்பா ஊர் எண்ணெய் ஆலையின் பின்னறையில்,
புரட்சி முடிந்த இரண்டாம் குளிர்காலத்தில்.

அதுவரை கூலிக்கு வெட்டினேன்.
எழுத்துக்கு ஒரு எஸ்குடோ.
கோலாக நிற்பதற்கும் அதே கூலி,
பாம்பாக நெளிவதற்கும் அதே கூலி.
பெயரில் பாம்பு நிறைய உள்ளவர்கள் செத்தால்
வாய்க்குள் திட்டிக்கொள்வேன்.
நோட்டரி ஆபீஸ் குமாஸ்தா தாளில் எழுதித் தருவார்.
தாளைப் பார்ப்பேன், பளிங்கைப் பார்ப்பேன்,
தாளைப் பார்ப்பேன்.
தப்பு வந்ததில்லை.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தொடங்கும்:
நடுவில் ஒரே படி வைத்த ஏணி,
வால் முளைத்த வட்டம்,
கிண்ணம், கோல்,
கொஞ்சம் இடைவெளி,
தூண்டில் முள், மறுபடி ஏணி,
கடைசியில் ஒரு மின்னல்.
ஏழு எழுத்து.
இந்த ஒரு குடும்பத்தில்தான் எத்தனை சாவு, பாவம்
என்று நினைத்திருக்கிறேன், சத்தியமாக.
ரொட்டிக்காரருக்கும் நிலச்சுவான்தாருக்கும்
எப்படி ஒரே குடும்பப் பெயர் என்று
ஒரு நாளும் தோன்றவில்லை.

லிஸ்பனிலிருந்து வந்த கிராசியெலாவுக்கு
இருபது வயதுகூட இருக்காது. எப்போதும் சளி.
முதல் நாள் கேட்டாள்:
யாருக்காவது ஏதாவது எழுத்து தெரியுமா?
எழுந்து போய் ஏழையும் எழுதினேன்,
ஒரே மூச்சில், ஒரே உயரத்தில்,
நுனிகள் சீவி, தேவாலய வாசலில் இருப்பது போல.
சாக்பீஸ் உடைந்தது.
அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தாள்:
அக்கீ ஜாஸ்.
இங்கே கிடக்கிறார்.
ஆடு மேய்க்கும் பல்தசார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
நானூறு கல்லில் நான் எழுதியிருந்தது
இங்கே, இங்கே, இங்கே.

மார்ச்சில் எழுத்துகள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன.
ஒரு ஞாயிறு, வேறு வேலை இல்லாமல்,
என் கல்லறைகளைப் படிக்கப் போனேன்.
சத்தம் போட்டு, விரல் வைத்து, வரிசையாக.
ரொட்டிக்காரர் பெயர் ரொட்டிக்காரர் பெயர்தான்.
ஒவ்வொன்றும் சரியாக வர வர
வெற்றி பெற்றவன் போல நடந்தேன்
சுவரோரக் கடைசி மூலை வரை.

அந்தக் கல்லுக்குக் குமாஸ்தா எழுதித் தரவில்லை.
அன்று கொடுக்கக் காசில்லை.
மேல் வரிசையில் எனக்குப் பிடித்த கல் ஒன்று,
யாரோ பழைய கொத்தன் வெட்டியது.
தாளை ஒட்டி, கரி தேய்த்து எடுத்து
உடைந்த பளிங்குத் துண்டில் ஒன்பது இரவு இறக்கினேன்.
என் கையில் அமைந்ததிலேயே அழகான எழுத்து.

இங்கே கிடக்கிறார்
குதிரைப்படைக் கர்னல்
வயது அறுபத்தெட்டு

மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டினேன்,
தப்பாகப் படிக்கிறேனோ என்று.
தப்பாகப் படிக்க வேண்டும் என்று.

அவனுக்கு மூன்று வயது.
குதிரை என்றால் அலறுவான்.

பாதிரியாருக்குத் தெரிந்திருக்கும்.
பதினேழு வருஷம் அந்த வழியாகத்தான் போனார்.

பளிங்கில் அழிக்க முடியாது. திருப்பி நடலாம்.
கிராசியெலாவிடம் கேட்கவில்லை.
வெறும் கல் முன்னால் உட்கார்ந்து
அவனைக் கூப்பிட்டேன்: ஸெஃபெரீனோ.
பல்லிடுக்கில் முதல் எழுத்து அதிர்ந்தது.
மின்னல்.
ஏழில் கடைசியாக நின்றதே
அவனுக்கு முதலெழுத்தாக இருந்திருக்கிறது,
இத்தனை வருஷமாக என் உளியின் கீழே.
அடுத்த எழுத்தில் சந்தேகம் வந்தது.
சந்தேகத்தோடே வெட்டினேன்.

நவம்பரில் பெலிஸ்மீனா வந்தாள்,
எப்போதும் போல் மெழுகுவத்தி, எப்போதும் போல்
பெயரை விரலால் தடவிக் கொடுக்க.
கர்னல் சுவரைப் பார்த்து நின்றார்.
அவள் விரல் ஒரு முறை போனது,
திரும்பி வந்து ஒரு முறை போனது.

முன்னே நிறைய இருந்ததே, என்றாள்.

சின்னப் பையன்தானே, என்றேன்.