சுண்ணக்கோடு

எங்கள் லேனுக்குப் பெயரில்லை.
காலி வீதியில் இருந்து கடலைப் பார்த்து இறங்கி
மரைன் டிரைவுக்கு நாற்பது அடி முன்னால்
மனம் மாறியதுபோல் நின்றுவிடும்.
முகப்பில் ஒரு தகரப் பலகை:
'தனியார் பாதை. வெளியாருக்கு அனுமதி இல்லை.'
எழுதியது யாரென்று கேட்டால்
பதினேழு வீடும் அடுத்த வீட்டைக் காட்டும்.

லைட் ஒன்று கேட்டு மாநகர சபைக்குப் போனேன்.
கவுண்டரில் இருந்த பிள்ளை பதிவேட்டைப் புரட்டி
மிகவும் அன்பாகச் சொன்னது:
"அப்படி ஒரு ரோட்டு எங்களிட்ட இல்லையே, மிஸ்."

இல்லாத அந்த ரோட்டில்தான்
முப்பது வருஷமாக மழைக்கு வழுக்கி விழுகிறேன்.
கான் அடைத்தால் காசு சேர்த்து நாங்களே ஆள் பிடிப்போம்.
குப்பை லொறி முகப்போடு நின்று ஹோர்ன் அடிக்கும்;
பைகளோடு ஓடுவோம்,
ஸ்கூல் வானைத் தவறவிடப்போகும் பிள்ளைகள் மாதிரி.
வரித் துண்டு மட்டும்
எப்படியோ வழி கண்டுபிடித்து வாசலுக்கு வரும்.

'மாநகர சபை இந்த லேனைப் பொறுப்பேற்க வேண்டும்.'
மௌஜூதின் கராஜில் கூட்டம். பிளாஸ்டிக் கதிரை. நெக்டோ.
நேசமலர் சொன்னாள்:
"குடுத்தால் அடுத்த வருஷமே எட்டு மாடி எழும்பும்,
என்ர கொடியில் வெயில் விழாது."
கடைசி வீட்டு லலானி:
"ரோட்டு எல்லாருக்கும் என்றால்
பார்க்கிங்கும் எல்லாருக்கும், தெரியும்தானே?"
மௌஜூத் போத்தலைக் கீழே வைத்தார்.
"வாப்பாவைக் கதிரையோடதான்
காலி வீதி மட்டும் தூக்கிக்கொண்டு போனது.
அம்புலன்ஸ் அங்க நின்று லைட் மட்டும் அடிச்சது."
கொஞ்ச நேரம் ஒருவரும் குடிக்கவில்லை.
நான் பேனையைத் திறந்தேன்.
முதல் கையெழுத்து என்னுடையது.

பிறகுதான் தெரிந்தது, கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை.
உறுதியில் வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது,
லேனால் நடந்துபோகும் உரிமை இருக்கிறது.
லேன் இல்லை.
அது இன்னும் பேட்ரம் ஸ்கொக்மன் பெயரில்.
தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற மனுஷன்
துண்டுகளுக்கு இடையில் மிஞ்சியதை மறந்து செத்துப்போனார்.
மெல்பர்னில் பேரப்பிள்ளைகள். எழுதினோம்.
"எங்களுக்கு ஒரு தெரு இருப்பதே இன்றுதான் தெரியும்.
தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்."

எத்தனை கேற் சண்டை, எத்தனை காருக்குக் காற்றுப் பிடுங்கல்,
மீன்காரரின் சைக்கிளை எத்தனை தரம் துரத்தியிருப்போம்,
ஒரு செத்த மனுஷனின் மறதிக்குக் காவல் நின்று.

நில அளவையாளர் வந்தார்.
முகப்பில் பதினைந்து அடி.
மௌஜூத் வீட்டடியில் பதினைந்து.
என் வாசலில் பதின்மூன்றே கால்.
நாடாவை இரண்டாம் தரமும் பிடித்தார்.
நான் தேத்தண்ணீர் போடப் போனேன்.

தொண்ணூற்றேழில் பாத்ரூம் கட்டும்போது
மதிலைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார் இவர்.
"ஆர் கேக்கப் போகினம்,
இது ஒருத்தற்ற ரோட்டும் இல்லையே."
அவர் போய் ஆறு வருஷம்.
ஒன்றே முக்கால் அடி
நீல டைல் பதித்து அப்படியே நிற்கிறது.

ஒரு அம்புலன்ஸ் எவ்வளவு அகலம்?
தேடிப் பார்த்துவிட்டேன்.
சொல்லமாட்டேன்.

சுண்ணக்கோடு என் மதிலில் முட்டி நின்றது.
மற்றப் பக்கம் எங்கே வெளிவரும் என்று
அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்:
ஷவருக்கு நேர் கீழே.
இரவு பெய்த மழையில் கோடு போய்விட்டது.
காலையில் குளிக்கிறேன்,
இடது கால் என் வீட்டில்,
வலது கால் ரோட்டில்.

கடிதம் இன்னும் மேசையில் கிடக்கிறது.
மதில் உடைக்க ஒரு பாசுக்கு நாள் கூலி எவ்வளவென்று
மௌஜூதிடம் கேட்க வேண்டும்.
கேட்டால்,
எதற்கென்று கேட்பார்.