தலைக்கணக்கு

காலை எட்டு மணி. திபிலீசி, அவ்லபாரி மெட்ரோ வாசல்.
ஹெகினே தலைகளை எண்ணுகிறாள்: பதினான்கு.
நான் ஜும்பேர். வண்டி என்னுடையது,
பாதி இன்னும் வங்கியுடையது.

பதினொரு ஆண்டாக, வாரத்தில் ஐந்து நாள்
அர்மீனியா போய் வருகிறேன்.
ஹக்பாத் மடத்தருகே நிழல் என்றால்
அந்த ஒற்றை வால்நட் மரத்தடிதான்.
சனஹினில் பின்னுக்கு எடுத்தால்தான் வண்டி திரும்பும்.
மடத்துக்குள் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்,
வண்டியை விட்டு யார் போவது?

சதாக்லோவில் எல்லாரையும் இறக்கிவிடுவேன்.
கடவுச்சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பரீட்சை எழுதப் போகிறவர்கள்போல
நடந்தே எல்லை கடப்பார்கள்.
நான் வண்டி வரிசையில்.
என் இருக்கைக்கு அடியில்
அலாவெர்தித் தையற்காரி ஒருத்திக்குத் தைராய்டு மாத்திரை.
சுங்கக்காரன் மாத்திரையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்.
"இப்போது அவளுக்குத் தேவலையா?"

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஹெகினே
"நாங்கள்" என்று தொடங்கினால்
திராட்சை மது, எட்டாயிரம் ஆண்டு, மண்ணில் புதைத்த சாடி.
அந்தப் பக்கம் போய் "நாங்கள்" என்றால்
கற்சிலுவை, தந்தூர் ரொட்டி, முந்நூற்றொன்றாம் ஆண்டு.
திபிலீசியில் பிறந்த அர்மீனியப் பெண் அவள்.
இரண்டு "நாங்க"ளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.
"நாம்" என்று அவள் சொல்லி
நான் கேட்டதே இல்லை.

அலாவெர்தி வந்ததும் வலப்புறம் பார்க்கச் சொல்வாள்.
இடப்புறம் செம்பு உருக்காலை,
புகை நின்றுபோன புகைபோக்கி.
இன்றைக்கு ஒருவன், துனீசியப் பையன்,
வேண்டுமென்றே இடப்புறம் பார்த்தான்.
"இங்கே வேலை செய்தவர்கள் எங்கே?"
ஹெகினே ஒலிவாங்கியைத் துடைத்தாள்.
"மாஸ்கோவில்" என்றேன் நான், கண்ணாடியைப் பார்த்து.
பதினொரு ஆண்டில் நான் சொன்ன
ஒரே சுற்றுலாத் தகவல்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் வரிசை நின்றது.
கணினி விழுந்துவிட்டதாம்.
எழுந்து நிற்க அரைமணி என்றார்கள்,
இரண்டு மணி ஆயிற்று.
இருட்டத் தொடங்கியது. பின்னால் ஒரு லாரி நிறையத் தக்காளி.
லாத்வியப் பல்மருத்துவர் கேட்டார்:
"இது எந்த நாடு?"
ஹெகினே வாய் திறந்தாள்.
இந்த நூறு மீட்டருக்கு
அவளிடம் கதை இல்லை.
"தெரியவில்லை" என்றாள்,
ரஷ்ய மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

லாரிக்காரன் ஒரு பெட்டியை உடைத்தான்.
என்னிடம் ரொட்டி இருந்தது,
தையற்காரி கொடுத்த பிளம் பழத்தாள் ஒரு சுருள் இருந்தது.
உப்பு கஸாக் தம்பதியின் பையிலிருந்து;
விமானத்தில் கொடுத்த பொட்டலங்கள்,
எதற்கோ சேர்த்துவைத்தவை.
கீழே கரையில் எல்லைக்காவலன் ஒருவன்,
பணி முடிந்தவன், சீருடையை மடித்துக் கல்மேல் வைத்துவிட்டுத்
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.
மேலிருந்து யாரோ கத்தினார்கள்:
"அது எந்தப் பக்கத்து மீன்?"
அவன் நிமிரவே இல்லை.
"கத்தாதே, ஓடிவிடும்."

விளக்குகள் எரிந்தன. கதவு திறந்தது.
ஹெகினே எண்ணினாள்,
விரலைக் காற்றில் குத்திக் குத்தி,
வாயில் இன்னும் தக்காளி.
பதினான்கோடு நிற்கவில்லை.
பதினைந்து என்று தன் நெஞ்சைத் தொட்டாள்.
விரல் என் பக்கம் திரும்பியது.
"சரி, நாம் போகலாம்" என்றாள்.
அவள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்,
தெரியும்.
எனக்கு வேறாகக் கேட்டது.

பல்மருத்துவர் கட்டாயம் புகார் எழுதுவார்,
இரண்டு மணி நேரம் வீண் என்று.
எழுதட்டும்.
இப்போது நள்ளிரவு. இருக்கைகளுக்கு இடையில்
தக்காளி விதைகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
காய்ந்தால் போகாது.