பால்வெட்டு இல்லாத மாசி

ரப்பர் இலையெல்லாம் கொட்டி
செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கிறது.
தளிர் முற்றும்வரை கத்திக்கு லீவு.

முதல் இரண்டு நாள்
அலாரம் அடிக்காமலேயே இரண்டு மணிக்கு எழுந்து
தலையில் கட்டும் விளக்கைத் தேடினேன்.
மூன்றாம் நாள் ஏழரை வரை தூங்கிவிட்டேன்.
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாராம்
வின்சிலாஸ்.

சானலில் தண்ணீரை அடைத்துவிட்டார்கள்.
மதகடியில் தேங்கிய முழங்கால் ஆழத்தில்
பழைய கொசுவலையோடு அஜின் இறங்கினான்.
ஆஷ்லின் வாளி பிடித்தாள்.
நான் கரையில் நின்று அதிகாரம் செய்தேன்:
“அங்க இல்லடா, கல்லுக்கு அடியில!”
கிடைத்தது நாலு கெண்டை, ஒரு தவளை,
ஒற்றைச் செருப்பு.
செருப்பு, போன வருஷம் நான் தொலைத்தது.
அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள்.

வரும் வழியில் கொல்லாம்பழம்.
கறை பட்டால் போகாது என்று
வருஷம் முழுக்கச் சொல்லும் நான்தான்
முதலில் கடித்தேன், குனியாமல்.
தொண்டை கரகரக்க மூவரும்
ஒருவர் குரலை ஒருவர் கேலி செய்தபடி
அண்டி சுடச் சுள்ளி பொறுக்கினோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
தக்கலையில் பஸ் மாறி
முட்டத்துக்குத் தனியே போனேன்.
காரணம் கேட்டார்.
கடல், என்றேன்.

செம்மண் மேட்டில் உட்கார்ந்து
ஒன்றும் செய்யாமலிருக்கப் பழகினேன்.
எதிரே கலங்கரை விளக்கம்.
நல்ல பருமன். நேரான தடி.
எந்த உயரத்தில், எவ்வளவு சாய்வில்
முதல் கோடு போடலாமென்று
கை தானாகக் காற்றில் இழுத்துப் பார்த்தது.

பத்து ரூபாய்க்கு வறுத்த கடலை வாங்கி
அந்தக் கையில் கொடுத்தேன்.
சும்மா இரு,
இன்னும் பதினைந்து நாள்.